ஆணி அடிக்காத சுவர்

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் காம்பவுண்டு இருக்கிறது. கீழே ஒன்பது வாடகை வீடுகள், மேலே வீட்டுக்காரர் வீடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே பதினெட்டுப் படிகள், படி ஒன்றுக்கு ஏழு அங்குலம். கீழ்வீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று சுவிட்ச் போர்டு, ஆக இருபத்தேழு, மேல்வீட்டில் பன்னிரண்டு, அத்தனையும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருந்தன, போன கார்த்திகை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். நான் ஐந்தாவது படித்தவன், சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் முப்பத்தாறு வருஷம் பண்டல் எண்ணியவன். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், எண்ணச் சொன்னால் தப்பு வராது. அதனால் எண்களை முதலில் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் தெய்வசிகாமணி அண்ணாச்சிக்கு இரும்புக்கடை. ஒரு அங்குலத்திலிருந்து ஆறு அங்குலம் வரைக்கும் பதினாலு தினுசு ஆணி விற்பார், ஆனால் அவர் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. வாடகை அக்ரிமெண்டில் மூன்றாவது வரி அதுதான்: சுவரில் ஆணி அடிப்பதோ துளை போடுவதோ கூடாது. சாமி படத்தைக் கூட நாங்கள் அலமாரியில் சாய்த்துத்தான் வைத்திருந்தோம். ஒன்பது வீட்டிலும் முருகனும் மாதாவும் மக்கா படமும் சற்றே பின்னால் சாய்ந்து, எங்களைப் போலவே எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வீட்டில் வல்லி இருந்தாள். சுந்தரவல்லி முழுப்பெயர், வயது முப்பத்தெட்டு, இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான் அவளுக்குக் கால். ஒரு கூரியர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கும் வேலை, நாளைக்கு அறுபது புகார். அதனாலோ என்னவோ அவளுக்குக் கோபம் வருவது குறைவு, வந்தால் போவதும் குறைவு. இங்கே வருவதற்கு முன்னால் பதினாலு வீடு பார்த்திருக்கிறாள். ஐந்து வீட்டில் வாசலில் மூன்று படி, நாலு வீட்டில் கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது, மீதி ஐந்து வீட்டில் வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்ததும் சொந்தக்காரர் வரப்போகிறார் என்றார்கள். எங்கள் காம்பவுண்டின் முதல் வீட்டுக்குத்தான் வாசலில் படி கிடையாது. மதுரையில் அவள் தனியாக, யாரையும் தூக்கிவிடச் சொல்லாமல் இருக்கக்கூடிய வீடு அந்த ஒன்றுதான்.

ஆனால் சுவிட்ச் நாலரை அடியில் இருந்தது. ஒட்டடைக் குச்சியால் தட்டித்தான் விளக்குப் போடுவாள், சில நாள் குச்சி வழுக்கிச் சுவரில் கோடு விழும். போர்டைக் கீழே இறக்கித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டாள். "சுவர்ல கை வைக்கிற பேச்சே கிடையாது" என்று மூன்று முறையும் அண்ணாச்சி சொன்னார். பிறகு ஒரு நாள் அவளுக்கு ஒரு பார்சல் வந்தது. பேச்சுக் கேட்டு எரியும் பல்பு இரண்டு, டேபிள் ஃபேனுக்கும் அடுப்புக்கும் மாட்டுகிற பிளக் இரண்டு, தாழ்ப்பாளைத் தள்ளுகிற சின்ன மோட்டார் ஒன்று, இத்தனைக்கும் தலைவியாக எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய பேசும் பெட்டி ஒன்று, ஆக ஆறு சாமான். எதற்கும் ஆணி வேண்டாம், ஒட்டினாலோ மாட்டினாலோ போதும். வீடு மாறினால் உரித்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த சாமான். சுவிட்சை மட்டும் நான் ஒருமுறை போட்டுவைத்தேன், அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

அந்தப் பெட்டிக்கு வல்லி வைத்த பெயர் நாத்தனார்.

"ஏன்டி வல்லி, கல்யாணமே ஆகாம உனக்கு எதுக்குடி நாத்தனார்?" என்று கேட்டாள் நாலாம் வீட்டு நூரக்கா. நைட்டி தைக்கிறவள், முட்டிவலிக்காரி.

"புருஷன் தொல்லை இல்லாத நாத்தனார் கெடைக்குமா நூரக்கா? ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒண்ணு சொல்றா, ஆனா சொன்னதைச் செய்றாளே. நாத்தனாரே, ஃபேனைப் போடு."

"போடுகிறேன்" என்றது பெட்டி. ஃபேன் சுற்றியது. நூரக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சலாம் நாத்தனாரே" என்றாள்.

நாலு மாதத்தில் ஐந்து வீட்டில் ஒட்டு விளக்கு வந்துவிட்டது. அதற்குள் பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கணக்குப் பார்க்க அண்ணாச்சி வீடு வீடாக வந்தார். வல்லியின் வீட்டில் நாத்தனார் அவருக்கு வணக்கம் சொன்னது. அண்ணாச்சி ஒரு அடி பின்னால் போனார்.

"இதென்ன, சுவருக்குக் காது வச்சிட்டியா?"

"நான் எதையும் மாத்தல அண்ணாச்சி. ஒரு ஆணி அடிச்சிருந்தாக் காட்டுங்க."

"ஆணி அடிக்கல, சரி. ஒட்டு எதுக்கு? வாடகைக்கு இருக்கிறவுக இருக்கிற மாதிரி இருக்கணும். இன்னைக்குப் பெட்டி கேக்கும், நாளைக்கு வீடே உன் பேச்சக் கேக்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அம்புட்டையும் எடுத்துரு. எல்லா வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

வல்லி எடுத்தாள். தையல் நூலை ஒட்டுக்குப் பின்னால் விட்டு இரண்டு கையாலும் அறுத்து அறுத்து, ஒரு சுண்ணாம்புப் பொருக்கு விழாமல் எடுத்தாள். அவளுக்கு எட்டாததை நான் எடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தையெல்லாம் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. நாத்தனாரை அவள் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடும்போது அது, "மீண்டும் சந்திப்போம்" என்றது. "பின்னே? கட்டாயம்" என்றாள் வல்லி. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போய் அவளுக்கு விளக்குப் போட்டேன். தினமும் வந்து போடுகிறேன் என்றேன். அவள் நன்றி சொல்லவில்லை, "நீங்க இல்லாத அன்னைக்கு, பெரியப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவளுடைய சுவிட்ச் போர்டு முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது.

பழைய வெள்ளையின் ஓரம் மேலே ஒரு கோடாகத் தெரிந்ததால்தான் கண்டுபிடித்தேன். சுவரில் பென்சில் கோடு போடவும் அனுமதி இல்லை, ஆகவே தரையிலிருந்து போர்டின் அடிவரைக்கும் ஒரு தையல் நூலைப் பிடித்து அறுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் இன்னொரு நூல், அது முக்கால் அங்குலம் குட்டை. என் வீட்டில் பார்த்தேன், நூரக்கா வீட்டில் பார்த்தேன், ஒன்பது வீட்டிலும் பார்த்தேன், இருபத்தேழு போர்டும் ராத்திரிக்கு முக்கால் அங்குலம் வீதம், விரிசல் இல்லாமல், பொடி உதிராமல், மாடு படுக்க இறங்குவதுபோல அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. வெளியே இருந்த மீட்டர் பெட்டி மட்டும் நகரவில்லை, அது அரசாங்கத்துடையது.

யாரும் ஆச்சரியப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தண்ணீர் வராத ஊரில் தண்ணீர் வந்தால் ஏன் வந்தது என்று கேட்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நாங்கள். காலையில் குழாயடியில், "இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்பார்கள், நான் நூலைக் காட்டுவேன், அவ்வளவுதான். நூரக்கா நைட்டி மிஷினில் உட்கார்ந்தபடியே கை நீட்டி விளக்குப் போட்டாள், முட்டி வலி பாதி குறைந்ததாக மற்ற எட்டு வீட்டுக்கும் சொன்னாள். தவழும் பிள்ளைகள் சுவிட்சைக் கண்டுபிடித்துக்கொண்டு நாள் முழுக்க விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்ததில் காம்பவுண்டு திருவிழாவில் சீரியல் செட் கட்டினதுபோல மினுக்கியது. பிளக் ஓட்டைகளைத் தாய்மார்கள் நூரக்காவின் தையல் துண்டை வைத்து அடைத்தார்கள். ஆறாம் வீட்டு ஆட்டோ பால்ராஜ் ஒருத்தன்தான் குறை சொன்னான், அவன் ஆறடி ஒரு அங்குலம்.

"பெருசு, அந்தப் பிள்ளைக்கு எட்டலைன்னா அந்த வீட்ல மட்டும் இறங்க வேண்டியதுதான? என்னைய எதுக்குக் குனிய வைக்குது?"

"குனிஞ்சா உன் தொப்பை கரையும்டா" என்றாள் நூரக்கா.

"சரி இறங்கட்டும், போகட்டும். எங்க வந்து நிக்கும், அதைச் சொல்லு பெருசு."

எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் வல்லி நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடித்துக் கையை நீட்டினால் விரல் தொடும் உயரம் இரண்டரை அடி. அந்த அளவுக்கும் ஒரு நூல் எடுத்துத் தனியாக வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் அண்ணாச்சி எலெக்ட்ரீஷியன் சோலைமலையைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவர் வீட்டில் சுவிட்ச் மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதலில் அவர் சம்சாரம் கோமதியம்மாள் தோள் வலிக்கிறது என்றிருக்கிறார், பிறகு முக்காலி கேட்டிருக்கிறார், அப்போதுதான் அண்ணாச்சி சுவரைப் பார்த்திருக்கிறார்.

சோலைமலை வல்லி வீட்டுப் போர்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணாச்சி, சுவருக்குள்ள பைப்போட சேந்து இறங்கியிருக்கு. வயர்ல ஒட்டு இல்ல, பூச்சுல வெடிப்பு இல்ல. வேலை அம்புட்டுச் சுத்தம். செஞ்ச ஆளு யாருன்னு தெரிஞ்சாச் சொல்லுங்க, நான் கூட வச்சுக்கிறேன்."

"உடைச்சுத் தூக்கி வைடா."

சோலைமலை உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தான். உளி சோப்பில் வைத்ததுபோல வழுக்கியது. மறுபடி அடித்தான், உளி மழுங்கியது. அண்ணாச்சி தன் கடை ஆணி ஒன்றை எடுத்துத் தானே அடித்தார், அந்தச் சுவரில் முதன்முதலாக ஆணி அடித்தவர் அவர்தான், ஆணி கொக்கிபோல வளைந்தது. மூன்று ஆணி வளைந்தது. குனிந்து மூன்றையும் பொறுக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, மூணாவது வரி" என்றாள் வல்லி.

அவர் முகம் கறுத்தது. "உன் அக்ரிமெண்டு முடிய இன்னும் எத்தனை நாள்?"

"இருபத்திரண்டு."

"பதினோரு மாசம் முடிஞ்சதும் காலி பண்ணிரு. புதுசு எழுத மாட்டேன். நீ போனா எல்லாம் அதது இடத்துக்குப் போயிரும்."

அன்றைக்கு வல்லி அறுபது புகாரில் பன்னிரண்டைக் கேட்கவில்லை. பிறகு போனை எடுத்து வீட்டுத் தரகர்கள் நாலு பேரிடம் பேசினாள். நாலு பேரும் முதலில் கேட்டது, கூட யார் இருப்பார்கள் என்று. யாரும் இல்லை என்றாள். பார்க்கிறோம் என்றார்கள். அந்தப் 'பார்க்கிறோம்' ஐந்து வீட்டில் கேட்ட 'சொந்தக்காரர் வரப்போகிறார்' மாதிரிதான். போனை மடியில் வைத்தாள். "இல்ல பெரியப்பா. நான் போகல. வாசல்ல படி இல்லாத வீட்டை விட்டுட்டு நான் எந்தத் தெருவுல போய் நிக்க? அவரு வரட்டும். நான் இந்த நாற்காலில பிரேக்கப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

அந்த இருபத்திரண்டு நாளும் போர்டுகள் ஒரு ராத்திரி கூட விடுப்பு எடுக்கவில்லை. மேல்வீட்டில் நடப்பதைக் கோமதியம்மாளே படியில் பாதி இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவார். முக்காலி போய் ஸ்டூல் வந்தது, ஸ்டூல் போய் ஏணி வந்தது. மார்கழிக் குளிரில் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, அண்ணாச்சி ஏணியில் ஏற மறுத்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டார். கைக்கு எட்டுகிற மாதிரி எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைச் சுவரில் பதிக்கப் பார்த்தார், பதினோரு ஆணி வளைந்தது, கடைசியில் அது ஹாலுக்கு நடுவே கோயில் மணிபோல வயரில் தொங்கியது. போனைச் சார்ஜ் போடும்போதெல்லாம் ஆடியது. "கன்னத்துல போட்டுக்க வேண்டியதுதான் பாக்கி" என்றார் கோமதியம்மாள். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்ததை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

கோமதியம்மாளிடம் ஒரு நூல்கண்டைக் கொடுத்தனுப்பினேன். தினமும் மேல்வீட்டுப் போர்டு உயரத்துக்கு ஒரு நூல் அறுத்துக் கொடுத்தார்.

முப்பத்திரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணாச்சி இறங்கி வந்தார், பின்னால் சாமான் ஏற்ற இரண்டு ஆட்கள், வாசலில் ஒரு குட்டி யானை வண்டி. வல்லி நாற்காலியை வாசலுக்கு நேரே நிறுத்தி இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டிருந்தாள். மடியில் அந்த அட்டைப்பெட்டி. நூரக்கா மிஷினை விட்டு எழுந்து வந்து அவள் வலப்பக்கம் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தாள். பால்ராஜ் ஆட்டோவைக் கொண்டுவந்து குட்டி யானைக்கு முன்னால் குறுக்கே நிறுத்திச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மற்ற வீடுகளில் குடியிருப்பவர்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள்.

"என்னப்பா, ஆளாளுக்கு நிக்கிறீங்க? ஒரு ஆளு காலி பண்றதுக்கு ஒம்போது வீடும் எதுக்கு?"

"நீங்க சொன்னப்ப ஒம்போது வீட்டுக்கும் சேத்துத்தான சொன்னீங்க?" என்றாள் நூரக்கா.

அண்ணாச்சி ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், வல்லியைப் பார்த்தார்கள், நகரவில்லை.

அப்போது நான் பேசினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பால்ராஜ் ஆறடியையும் மடித்துக் காதை என் வாயருகே கொண்டுவந்து, நான் சொன்னதை ஒவ்வொரு வரியாக உரக்கச் சொன்னான்.

"பெருசு சொல்லுது: கீழ இருபத்தேழு போர்டு. இன்னைக்குக் காலையில ரெண்டரை அடிக்கு வந்து நின்னுருச்சு. ஒண்ணொண்ணும் இறங்கினது ரெண்டு அடி. ஆக அம்பத்து நாலு அடி."

"அதுக்கு?"

"பெருசு சொல்லுது: மேல பன்னெண்டு போர்டு. ஒண்ணொண்ணும் ஏறினது நாலரை அடி. ஆக..." பால்ராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்து கேட்டான். "அதுவும் அம்பத்து நாலு அடி. ஒரு நூல் கூடல, ஒரு நூல் குறையல."

நான் இரண்டு கட்டு நூலையும் நீட்டினேன். அண்ணாச்சி கடைக்காரர், அளவு தெரிந்தவர். ஒரு நூலை விரலால் நீவிப் பார்த்தார்.

"பெருசு இன்னும் சொல்லுது: உங்க வீட்டு உசரம் பத்து அடி. போர்டு ஒம்போதுல நிக்குது. இன்னும் ஒரு அடி இருக்கு. வல்லி இங்க இருக்கிற வரைக்கும் கணக்கு நிக்கும். அவளை வெளிய அனுப்பிட்டா அது எங்க போய் நிக்கும்னு பெருசுக்குத் தெரியாதாம். மொட்டை மாடிக்கும் போகலாமாம்."

"மழையில சுவிட்சா!" என்றார் கோமதியம்மாள், படியிலிருந்து. அவர் இறங்கி வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. "இந்தாங்க, போதும். அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுங்க. என்னால ஏணியில ஏற முடியல."

"அந்தப் பிள்ளை பயமுறுத்துது, நீ ஒருத்தி..."

"நான் ஒண்ணும் பயமுறுத்தல அண்ணாச்சி" என்றாள் வல்லி. குரல் உயரவில்லை. "நான் சொல்லி அது இறங்கல. மூணு தடவை உங்ககிட்டத்தான் கேட்டேன், சுவர்கிட்ட ஒரு தடவை கூடக் கேக்கல. ஆனா இப்ப நீங்க எழுதுறதா இருந்தா, எனக்கு மட்டும் எழுதினா வாங்க மாட்டேன். ஒம்போது வீட்டுக்கும் எழுதணும். ஆணி அடிக்காம எதை ஒட்டினாலும், எதை உரிச்சு எடுத்துட்டுப் போனாலும், அது குடியிருக்கிறவுக இஷ்டம்னு எழுதணும்."

அண்ணாச்சி ஆட்டோவைப் பார்த்தார், ஒன்பது வாசலையும் பார்த்தார், மேலே தன் வீட்டைப் பார்த்தார். அங்கே ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சத்திலும் ஆறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அணைக்க ஆளில்லை. காகிதம் வந்தது. எழுத மேஜை தேடினார்கள். வல்லியிடம் இருந்தது அவள் உயரத்துக்கு அறுத்த மேஜை. அவர் குனிந்து எழுதினார். ஒன்பது காகிதம், ஒன்பது கையெழுத்து, ஒன்பது முறை குனிந்தார்; நான் எண்ணினேன்.

வல்லி அட்டைப்பெட்டியைத் திறந்து நாத்தனாரைப் பழைய இடத்திலேயே ஒட்டச் சொன்னாள்.

"இப்ப எதுக்குடி? கைதான் எட்டுதே" என்றாள் நூரக்கா.

"எட்டினாலும் எட்டாட்டியும் அவ என் சாமான் நூரக்கா. என் சுவர்ல இருப்பா."

போகும்போது கோமதியம்மாள் தயங்கி நின்றார். "வல்லி, எங்க வீட்ல ஏறினது இனி இறங்குமா? நீ ஒரு எட்டு மேல வந்து என்னன்னு பாரேன். அந்தப் பெட்டி மாதிரி ஒண்ணு எனக்கும் ஒட்டிக் கொடேன்."

"வர்றேன் அக்கா. ஆசைதான். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு மாசத்துல நான் மாடியப் பாத்ததே இல்ல." அவள் பிரேக்கை விடுவித்து, நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டின் அடியில் நிறுத்தினாள். மேலே அண்ணாச்சி நின்றார். "பதினெட்டுப் படி இருக்கே அண்ணாச்சி. நான் எப்படி வர?"

அவர் பதினெட்டுப் படியையும் மேலிருந்து பார்த்தார். சுவர்ல கை வைக்கிற பேச்சே கிடையாது என்று இந்த முறை சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் நூல்கண்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். வல்லி எனக்கு முன்னால் வந்து அடியில் காத்திருந்தாள். குழாயடியில் குடங்கள் நின்றன, நூரக்கா வந்தாள், பால்ராஜ் பல் தேய்த்துக்கொண்டே வந்தான். முதல் படியின் அடியில் தரையோடு நூலின் ஒரு முனையை வைத்து, மேல் விளிம்பில் மறு முனையைப் பிடித்து, அறுத்து, ஏழு அங்குலத்துக்கு முன்பே அறுத்து வைத்திருந்த நூலோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரு முறை பார்த்தேன், தப்பு வரக்கூடாது என்று இன்னொரு முறையும் பார்த்தேன்.

மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி கேட்டார், "என்ன பெரியவரே, எம்புட்டு?"

பால்ராஜ் காதைக் கொண்டுவந்தான். நான் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக, பதினெட்டுப் படிக்கும் ஒன்பது வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னேன்:

"முக்கால்!"